உடைந்த குழாய்த் துண்டை எடுக்க ஓர் எளிய கருவி

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் எனத் தென்சென்னைப் புறநகர்களில் சிறு தோட்டத்தோடு கூடிய வீடுகள் பல உண்டு. செடிகளுக்கு நீர் பாய்ச்சச் சுவரிலோ தரையிலோ ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும். சில வீடுகளில் அதே இடத்தில் நீர் தெளிப்பானைத் திருகி வைத்திருப்பார்கள். ரப்பர் குழாயை யாராவது வேகமாக இழுத்தால் போதும். அது கழுத்தோடு முறிந்துவிடும். தலை கையோடு வரும். மரையுள்ள அடித்துண்டு எல்போவுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

நொடிக்கு அரை லிட்டர் நீர் வெளியேறுவதாக வைத்துக்கொள்வோம். மாடியிலுள்ள 500 லிட்டர் தொட்டி பதினேழே நிமிடத்தில் காலியாகிவிடும்! 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்த 500 லிட்டரின் அருமை தெரியும். நீரை நிறுத்திவிட்டாலும் தொல்லை தீர்வதில்லை. துண்டை எடுக்கத் தெரியாமல் இடித்தால் எல்போ விரியும். பிறகு சுவரையே உடைக்க வேண்டியதுதான். இச்செலவைத் தவிர்க்கும் கருவியை நாமே செய்துகொள்ளலாம். அதற்கு முன் துண்டு ஏன் இவ்வளவு இறுக்கமாக நிற்கிறது என்று பார்ப்போம்.

மரைக்குள் என்ன நடக்கிறது?

நாம் 'அரை அங்குலக் குழாய்' என்கிறோம். ஆனால் அதன் மரையை அளந்தால் வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மி.மீ. இருக்கும், அரை அங்குலமோ 12.7 மி.மீ. தான். அந்தப் பெயர் பழைய இரும்புக் குழாய்களின் உள்துளையைக் குறித்து வந்தது. இம்மரையில் அங்குலத்திற்கு 14 சுற்றுகள் உண்டு. மரையின் பற்கள் 55 பாகைக் கோணத்தில் அமைந்தவை. இக்கோணத்தை 1841இல் வகுத்தவர் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். அதே வடிவம்தான் இன்று நம் வீட்டுக் குழாயிலும் உள்ளது.

வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கை நொறுங்கும் தன்மையுடையதாக்குகின்றன. மரையின் பள்ளங்களில் தகைவு குவிவதால் முறிவும் அங்கேயே தொடங்குகிறது. உள்ளே தங்கிய துண்டை மூன்று பொருள்கள் இறுக்கிப் பிடிக்கின்றன: அதிகமாகச் சுற்றிய டேப், மரையின் உராய்வு, கடின நீர் விட்டுச் சென்ற சுண்ணாம்புப் படிவு. பக்கெட்டின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே கால்சியம் கார்பனேட்தான் மரை இடுக்கிலும் சிமெண்ட் போல உறைகிறது.

கருவியின் இரகசியம்

துளைக்குள் ஒரு மரமுளையை அடித்துத் திருகினால் வந்துவிடாதா? சில வேளை வரும். பல வேளைகளில் மேலும் இறுகிவிடும். உருண்டையான முளை ஆப்பு போன்றது. அது துண்டை எல்லாப் பக்கமும் வெளிநோக்கித் தள்ளுகிறது. அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும். ஆகவே நமக்கு வேண்டியது தள்ளும் கருவி அன்று, கவ்வும் கருவி. இரண்டே இடங்களில் பிளாஸ்டிக்கைக் கடித்துக்கொண்டு, சுழற்சியை மட்டும் தர வேண்டும்.

செய்முறை

1. 20 மி.மீ. அகலமும் 3 மி.மீ. கனமும் உள்ள பட்டை இரும்பில் 15 செ.மீ. நீளம் வெட்டிக்கொள்ளுங்கள்.

2. ஒரு முனையில் 4 செ.மீ. நீளத்திற்கு இருபுறமும் சமமாக அராவி, நுனி 10 மி.மீ. அகலமாகும்படி குறுக்குங்கள்.

3. குறுகிய பகுதியின் இரு ஓரங்களையும் உளியைப் போலக் கூராக்குங்கள். கூர்மை இருந்தால்தான் மெல்லத் தட்டியதும் பிளாஸ்டிக்கில் இறங்கும்.

4. மறுமுனையில் 20 செ.மீ. நீளமுள்ள இரும்புக் கம்பியைக் குறுக்காக வைத்து, வெல்டிங் பட்டறையில் பற்றவைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடி ஏன் இருபுறமும் நீள வேண்டும்? ஒரே பக்கம் இழுத்தால் துண்டு சுழல்வதோடு எல்போவும் பக்கவாட்டில் இழுபடும். இரு கைகளும் எதிரெதிர்த் திசையில் சமமாகத் தள்ளினால் சுழற்சி மட்டுமே கிடைக்கும். ஒவ்வொரு கையும் 5 கிலோ விசை தருவதாகக் கொள்வோம். மையத்திலிருந்து கை 10 செ.மீ. தொலைவிலும், மரை சுமார் 1 செ.மீ. தொலைவிலும் உள்ளன. ஆகவே மரையில் ஏறத்தாழ 100 கிலோ விசை செயல்படும்!

தேய்ந்த அரத்தின் வாலையே கருவியாக்கிச் சுத்தியலால் அடிப்போரும் உண்டு. அரம் மிகக் கடினமானது. அடித்தால் சில்லு தெறித்துக் கண்ணைக் கெடுக்கக்கூடும். அதைத் தவிருங்கள்.

பயன்படுத்தும் முறை

முதலில் மாடித் தொட்டியின் வால்வை மூடுங்கள். பின் எலுமிச்சைச் சாறு அல்லது வினிகரில் நனைத்த துணியைத் துண்டின் மேல் திணித்து, ஓர் இரவு விட்டுவையுங்கள். அமிலம் சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும்.

எல்போ இரும்பானால் விடியற்காலையில் வேலையைத் தொடங்குங்கள். சிறிது பனிக்கட்டியை உள்ளே வைத்தால் இன்னும் நல்லது. பி.வி.சி. பிளாஸ்டிக் குளிரில் இரும்பைப்போல் சுமார் ஐந்து மடங்கு சுருங்கும். 30 பாகை குளிர்ந்தால் கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்குதான். ஆயினும் பிடி தளர அதுவும் உதவும். எல்போவும் பிளாஸ்டிக் என்றால் இதனால் பயனில்லை.

இனி கருவியை நேராகச் செருகி மூன்று நான்கு முறை மெல்லத் தட்டுங்கள். அழுத்திப் பிடித்தபடி இடப்புறமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருகுங்கள். ஒரு சுற்றுக்குத் துண்டு 1.8 மி.மீ. வெளியே வரும். ஆறேழு சுற்றுகளில் முழுவதும் வந்துவிடும்.

அசையவில்லையா? பலம் கூட்டாதீர்கள். ஆக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து, துண்டின் உட்சுவரில் நீளவாக்கில் ஒரு வெட்டுப் போடுங்கள். எல்போவின் மரையைத் தொடுமுன் நிறுத்திவிட வேண்டும். வளையம் அறுபட்டால் அது உள்நோக்கிச் சுருங்க வழி கிடைக்கும், இறுக்கமும் போய்விடும். பிளேடைப் பழுக்கக் காய்ச்சிச் செருகும் வழக்கமும் இருக்கிறது. சூடான பி.வி.சி. நச்சுப் புகை விடும். அருகிலுள்ள பிளாஸ்டிக் எல்போவும் இளகிவிடும். ஆகவே அது வேண்டாம்.

மீண்டும் உடையாதிருக்க

எல்போவில் முதலில் ஒரு பித்தளை நிப்பிளைப் பொருத்தி, அதன்மேல் குழாயை மாட்டுங்கள். டெஃப்லான் டேப்பைத் திருகும் திசையிலேயே நாலைந்து சுற்றுச் சுற்றினால் போதும். நீர் கசியக்கூடாது என்று டேப்பை அள்ளிச் சுற்றி, ஸ்பானரால் முழு பலத்தோடு முறுக்குவதுதான் பல முறிவுகளுக்குத் தொடக்கம். கையால் இறுக்கிய பின் ஒரு சுற்று போதுமானது. ரப்பர் குழாயை இழுக்கும்போது அதன் இழுப்பு மரையில் விழாதபடி சுவரில் ஒரு கொக்கியில் மாட்டிவிடுங்கள்.