கேமரா கைமாறினால் சுற்றுலாவும் மாறும்: வடதுருவ சாமி மக்கள் காட்டும் வழி

ஃபின்லாந்தின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே இருக்கும் சிற்றூர் இனாரி. டிசம்பர் தொடக்கத்தில் மறையும் சூரியன், ஜனவரி நடுவில்தான் மீண்டும் தலைகாட்டும். அது திரும்பிய கையோடு, ஜனவரிக் கடைசியில் அங்கே ஒரு திரைப்பட விழா களைகட்டுகிறது. வெட்டவெளியில் பனியாலேயே ஓர் அரங்கம் எழுப்பிப் படம் காட்டுகிறார்கள். குளிர் சில நாள் மைனஸ் 30 டிகிரியைத் தொடும். ‘ஸ்காப்மகோவத்’ என்ற இந்த விழாவை 1999 முதல் நடத்திவருபவர்கள் சாமி என்னும் பழங்குடி மக்கள்.

படமெடுக்க வருபவர்களும் ஊர் பார்க்க வருபவர்களும் பழங்குடி மக்களிடம் தேடுவது ஒன்றைத்தான்: அவர்களுடைய வாழ்க்கையை. அதைச் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அங்கே வளரும் சுற்றுலாவின் தன்மையும் அமைகிறது.

யார் இந்த சாமி மக்கள்?

நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் ஆகியவற்றில் பரவி வாழ்பவர்கள் இவர்கள். ரெயின்டீர் எனப்படும் பனிமான் மேய்ப்பும் மீன்பிடிப்பும் இவர்களின் மரபுத் தொழில்கள். ஃபின்லாந்தில் மட்டும் சுமார் 10,000 பேர். அங்கே மூன்று சாமி மொழிகள் பேசப்படுகின்றன. ஸ்கோல்ட் சாமி மொழியைப் பேசுபவர்கள் சில நூறு பேர்தான்.

பிம்பம் எப்படிப் பண்டமானது?

1952இல் எரிக் புளோம்பெரி இயக்கிய ‘வெள்ளைப் பனிமான்’ என்ற ஃபின்லாந்துப் படம், சாமி நிலத்துப் பெண்ணொருத்தியை மானாக உருமாறி ஆண்களைக் கொல்லும் சூனியக்காரியாகக் காட்டியது. மறு ஆண்டு கான் விழாவில் அது விருதும் பெற்றது. 1980களில் ஃபின்லாந்துத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்று, சாமி மக்களை அழுக்கு முகத்துக் குடிகாரர்களாகச் சித்திரித்தது. அதில் நடித்த பிர்க்கா-பெக்கா பெத்தெலியஸ் 2019இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஆனால், அதற்குள் ஒரு தலைமுறையே அந்தப் பிம்பத்தைப் பார்த்து வளர்ந்துவிட்டது.

திரையில் பார்த்ததை நேரில் தேடி வருபவருக்கு, அதையே தயாரித்து விற்கச் சந்தை காத்திருக்கிறது. கிறிஸ்துமஸ் தாத்தா கிராமத்துக்குப் பேர்பெற்ற ரோவனியமி நகரம், சட்டப்படி வரையறுக்கப்பட்ட சாமி தாயகத்துக்கு வெளியே இருக்கிறது. இருந்தும் ஃபின்லாந்தின் வடபகுதியான லாப்லாந்தின் சுற்றுலாவில், சாமி அல்லாதவர்கள் சாமி மக்களின் உடையைப் போல ஒன்றை அணிந்து பயணிகளை வரவேற்பது நெடுங்காலம் நடந்தது. ‘காக்தி’ என்ற அந்த உடையின் வெட்டும் வேலைப்பாடும், உடுத்தியிருப்பவர் எந்த வட்டாரம், எந்தக் குடும்பம் என்று சொல்லக்கூடியவை. அடையாளத்தையே வேடமாக்கியதுதான் சாமி மக்களை ஆழமாகக் காயப்படுத்தியது.

கேமரா கைமாறியபோது

1987இல் நில்ஸ் கௌப் என்ற சாமி இயக்குநர், தம் மக்களிடையே வழங்கிய பழங்கதை ஒன்றை ‘ஒஃபெலாஷ்’ என்ற படமாக வடக்கு சாமி மொழியில் எடுத்தார். சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல்வரை அது சென்றது. அடுத்த தலைமுறைக்கு அதுவே துணிச்சல் தந்தது. நார்வேயின் கவுதொகெய்னோவில் இன்று சாமி திரைப்பட நிறுவனம் இயங்குகிறது. சாமி இயக்குநர் காத்யா கௌரிலோஃப், ஸ்கோல்ட் சாமி மொழியின் முதல் முழுநீளக் கதைப்படமான ‘ஜெவிதா’வை 2023இல் கொண்டுவந்தார்.

பெரிய நிறுவனங்களும் இறங்கிவர நேர்ந்தது. டிஸ்னியின் ‘ஃப்ரோசன்’ (2013) சாமி பண்பாட்டுக் கூறுகளை எடுத்தாண்டது விமர்சிக்கப்பட்டது. இரண்டாம் பாகத்தின்போது நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து ஆகிய மூன்று நாடுகளில் சாமி மக்கள் தேர்ந்தெடுக்கும் சாமி நாடாளுமன்றங்களும் சாமி பேரவையும் டிஸ்னியுடன் முறையான ஒப்பந்தம் செய்தன. சாமி வல்லுநர் குழு ஆலோசனை சொன்னது. 2019இல் அந்தப் படம் வடக்கு சாமி மொழியிலும் வெளியானது.

சுற்றுலாவில் என்ன மாறியது?

ஸ்காப்மகோவத் விழா முதலில் சாமி மக்களுக்கானது. பிற நாட்டுப் பழங்குடிப் படைப்பாளிகளையும் அழைக்கிறார்கள். வெளியூர்ப் பயணி அங்கே வாடிக்கையாளர் அல்ல, விருந்தாளி. ஊர்க்காரர்களின் அருகில் அமர்ந்து, அவர்கள் தங்களுக்காக எடுத்த படத்தை அவரும் பார்க்கிறார். எதைக் காட்டலாம், எது தங்களுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதை அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

அதே ஊரில் சாமி அருங்காட்சியகமான ‘சீதா’ இருக்கிறது. ஃபின்லாந்து தேசிய அருங்காட்சியகம் 2,000க்கும் மேற்பட்ட சாமி பொருள்களை 2021இல் இங்கே திருப்பிக் கொடுத்தது. மூதாதையரின் உடைமைகள் வீடு திரும்பிய அந்தப் பயணத்தைச் சாமி இயக்குநர் சுவி வெஸ்ட் 2023இல் ஆவணப்படமாக்கினார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் செல்பவருக்குக் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் தொப்பி வெறும் காட்சிப்பொருளாகத் தெரியாது. 2024இல் ஐரோப்பாவின் சிறந்த அருங்காட்சியகத்துக்கான விருது சீதாவுக்குக் கிடைத்தது.

ஃபின்லாந்தின் சாமி நாடாளுமன்றம் 2018இல் சுற்றுலாவுக்கான நெறிமுறைகளை ஏற்றுக்கொண்டது. சாமி பண்பாட்டைச் சுரண்டும் சுற்றுலாவுக்கு முடிவுகட்டுவதும், அவர்களைப் பற்றிப் பரப்பப்படும் தவறான செய்திகளை அகற்றுவதும் அதன் தலையாய நோக்கங்கள். திரையில் தங்கள் கதையைத் தாங்களே சொல்லப் பழகிய சமூகம், சுற்றுலாவிலும் அதே உரிமையைக் கேட்கிறது.

தீராத சிக்கல்

அந்த நெறிமுறைகளுக்குச் சட்ட வலு கிடையாது. மீறும் நிறுவனத்தைத் தண்டிக்க வழியில்லை. வானில் மின்னும் வடஒளியைப் பார்க்கவும் கிறிஸ்துமஸ் தாத்தாவைச் சந்திக்கவும் லாப்லாந்துக்குத் திரளும் பெருங்கூட்டத்தின் முன், இனாரி விழா மிகச் சிறியது. நல்ல படங்கள் மட்டுமே போலிச் சுற்றுலாவை ஒழித்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. அரசின் சட்டமும் நிறுவனங்களின் பொறுப்பும் கூடவே வர வேண்டும்.

பயணிகளுக்கும் இதில் பங்கு உண்டு. எந்தப் பழங்குடி நிலத்துக்குப் போவதானாலும், அந்த மக்கள் தாங்களே எடுத்த படம் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சுற்றுலாவை நடத்துபவர் யார், வருமானம் யாருக்குப் போகிறது என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். அனுமதி கேட்காமல் யாரையும் படமெடுக்காதீர்கள். உங்கள் கையிலிருக்கும் கைபேசியும் ஒரு கேமராதான்.