'யளனக' எங்கே போச்சு? கீபோர்டு எழுத்துகளின் கதை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு முதல் நாளே ஒரு சந்தேகம் வரும். கீபோர்டில் ஏ, பி, சி, டி என்று வரிசையாக எழுத்துகளை வைத்தால் தேடாமல் அடிக்கலாமே, ஏன் இப்படிக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள்?

பாளையங்கோட்டையில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு வந்த சந்தேகம் வேறு. அவர் 1980-களில் தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் தேர்ச்சி பெற்றவர். கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்கு மனு அடித்துக் கொடுத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். பழைய டைப்ரைட்டர் அடிக்கடி மக்கர் செய்யவே கம்ப்யூட்டர் வாங்கினார். சென்னையிலிருந்து நான்தான் போய் எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தேன். அவர் உட்கார்ந்தார், கீபோர்டைப் பார்க்காமலே படபடவென்று அடித்தார். திரையில் வந்த எதையும் படிக்க முடியவில்லை. "ஏல, இதுல 'யளனக' எங்கல போச்சு? இத்தன வருசம் பழகின கை இனி ஒண்ணுக்கும் ஆவாதோ?" என்றார்.

தவறு என்னுடையதுதான். அதற்கு வருமுன், இந்த இரண்டு சந்தேகங்களுக்கும் பின்னால் இருக்கும் கதையைப் பார்ப்போம்.

கியூவெர்ட்டி வந்த கதை

இன்றைய ஆங்கிலக் கீபோர்டின் மேல் வரிசை கியூ, டபிள்யூ, ஈ, ஆர், டி, ஒய் என்று தொடங்குகிறது. அதனால் இதற்குக் கியூவெர்ட்டி என்று பெயர். இது கம்ப்யூட்டருக்காக உருவானதல்ல. அமெரிக்காவில் மில்வாக்கி நகரைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஷோல்ஸ், தம் கூட்டாளிகளுடன் 1868-ல் டைப்ரைட்டருக்குக் காப்புரிமை பெற்றார். ரெமிங்டன் நிறுவனம் அதைத் தயாரித்து 1874-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஆரம்பத்தில் எழுத்துகள் அகர வரிசையில்தான் இருந்தன. உங்கள் கீபோர்டின் நடு வரிசையைப் பாருங்கள். டி, எஃப், ஜி, எச், ஜே, கே, எல் என்று வரிசை போகும். அந்தப் பழைய அமைப்பின் மிச்சம் இது!

அடுத்தடுத்து அடிக்கும்போது டைப்ரைட்டரின் எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கின, அதனால்தான் எழுத்துகளை இடம் மாற்றினார்கள் என்பது பலரும் சொல்லும் விளக்கம். ஆனால் ஆங்கிலத்தில் அடிக்கடி சேர்ந்து வரும் 'ஈ', 'ஆர்' இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. எனவே அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. காரணம் எதுவானாலும், விரல்கள் அந்த அமைப்பில் பழகிவிட்டன. இன்னும் எளிதானது என்று ஆகஸ்ட் டிவோராக் 1936-ல் காப்புரிமை பெற்ற கீபோர்டால்கூட அதை அசைக்க முடியவில்லை.

தமிழுக்கு வந்த டைப்ரைட்டர்

ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள். தமிழுக்கு 247! அத்தனையையும் ஒரு டைப்ரைட்டரில் எப்படி அடக்குவது? யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா இதற்கு வழி கண்டார். கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டார். புள்ளி போன்ற சில குறிகளுக்கு 'நகரா விசை' வைத்தார். அதை அடித்தால் புள்ளி விழும், காகிதம் நகராது. அடுத்து எழுத்தை அடித்தால், அது புள்ளிக்கு நேர் கீழே விழும். அதாவது நாம் கையால் எழுதுவதற்கு நேர்மாறாக, முதலில் புள்ளி, பிறகு எழுத்து!

டைப்ரைட்டிங் பள்ளியில் இடது கை விரல்களுக்கான முதல் பாடம்தான் 'யளனக'. பெரியம்மா தேடியது அதைத்தான்.

தமிழ் 99

கம்ப்யூட்டரில் கம்பியும் இல்லை, நகரும் காகிதமும் இல்லை. எனவே இயந்திரத்துக்காக அல்லாமல் மொழிக்காகவே கீபோர்டை அமைக்கலாம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து, அதே ஆண்டில் தமிழக அரசு 'தமிழ் 99' அமைப்பைத் தரமாக அறிவித்தது.

இதில் உயிர் எழுத்துகள் இடது கைப் பக்கம், மெய் எழுத்துகள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். நடு வரிசையில் அ, இ, உ. அவற்றுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ. உயிர் 12, மெய் 18, புள்ளி 1 என 31 விசைகள் போதும். ஆய்தமும் கிரந்த எழுத்துகளும் ஷிஃப்ட்டுடன் வரும்.

'தாமிரபரணி' என்று அடித்துப் பார்ப்போம். த, ஆ, ம, இ, ர, ப, ர, ண, இ என்று 9 முறை தட்டினால் போதும். ஆங்கில எழுத்துகளில் உச்சரிப்புப்படி அடித்தால் பொதுவாக 14 முறை தட்ட வேண்டும்! புள்ளியையும் பல இடங்களில் கம்ப்யூட்டரே வைத்துவிடும். அ, ம, ம, ஆ என்று தட்டினால் 'அம்மா'. த, ங, க, ம, புள்ளி என்று தட்டினால் 'தங்கம்'.

நீங்கள் எதைப் பழகலாம்?

இனிமேல்தான் தமிழ் டைப்பிங் பழகப் போகிறீர்கள் என்றால் தமிழ் 99-ஐத் தேர்ந்தெடுங்கள். இன்றைய விண்டோஸில் இது உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் கீபோர்டு பட்டியலில் 'தமிழ் 99' என்பதைத் தேர்வு செய்யுங்கள். விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

ஏற்கெனவே டைப்ரைட்டிங் தெரிந்தவர் என்றால் கவலை வேண்டாம். இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருள்களில் தட்டச்சு முறையும் உண்டு. அதில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை இருந்தால் எல்லாவற்றையும் அடித்துப் பாருங்கள். உங்கள் கைப் பழக்கப்படி புள்ளி சரியாக விழுவதை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்த தவறு, எனக்குப் பழக்கமான உச்சரிப்பு முறையைப் பெரியம்மாவின் கம்ப்யூட்டரிலும் வைத்ததுதான். அவரிடம் கேட்கவே இல்லை. தட்டச்சு முறைக்கு மாற்றியதும், பட்டா மாறுதல் மனு ஒன்றை ஒரே மூச்சில் அடித்து முடித்தார். ஏழாம் வகுப்பு படிக்கும் பேத்தி அதே கம்ப்யூட்டரில் தமிழ் 99 பழகுகிறாள். விசைகள் அதேதான். எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதை மட்டும் ஆளுக்குத் தகுந்தபடி கம்ப்யூட்டர் மாற்றிக்கொள்கிறது.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் கம்ப்யூட்டர் முன் உட்காரத் தயங்கினால், அவர்கள் கை எதில் பழகியது என்று முதலில் கேளுங்கள். மாற வேண்டியது கீபோர்டாக இருக்கலாம்!