பிசுபிசுப்புதான் பலம்

திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “மரக்காணம் பக்கத்தில் என் மைத்துனர் பழைய பைபர் படகு ஒன்று வாங்கியிருக்கிறார். உள்தளம் மிதித்தால் அமுங்குகிறது. அதைப் பெயர்த்தெடுத்து, மீன் பெட்டிக்குத் தடுப்பும் வைத்து, நாமே பைபர் அடித்துவிடலாம் என்கிறார். வீடியோவில் இரண்டு மணி நேரத்தில் முடித்துக் காட்டுகிறார்கள். கடைக்காரர் இது இரும்பைவிட உறுதி, ஆயுசுக்கும் அழியாது என்கிறார். நம்பலாமா?”

நீங்களே செய்யலாம். வீடியோவையும் கடைக்காரரையும் அப்படியே நம்ப வேண்டாம்.

விழுப்புரம் என்றதும் ரயில் சந்திப்புதான் பலருக்கு நினைவு வரும். ஆனால் மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரை, நடுவில் புதுச்சேரி எல்லை குறுக்கிட்டாலும், இந்த மாவட்டத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது. எக்கியார்குப்பம், அனுமந்தைக்குப்பம், பொம்மையார்பாளையம் போன்ற ஊர்களில் படகு அலையைக் கிழித்துக்கொண்டு வந்து மணலில் ஏறுகிறது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் அடிப்பாகம் அடி வாங்கி நெளிகிறது. அந்த நெளிவைப் பிடித்து நிறுத்துபவை உள்தளமும் குறுக்குத் தடுப்புகளும்தான். ஆகவே தளத்தை மாற்றுவது வீட்டுக்கு டைல்ஸ் மாற்றுவது போன்ற வேலை அல்ல. படகின் எலும்பில் கை வைக்கிற வேலை.

முதலில் அந்த இரும்புக் கதை. படகுக்குப் பயன்படும் கண்ணாடி இழையைத் தனியாக எடுத்து இழுத்தால், அறுவதற்கு முன் சுமார் 3,400 மெகாபாஸ்கல் தாங்கும். சாதாரண இரும்பு தாங்குவது 400 சொச்சம். விளம்பரம் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. ஆனால் யாரும் வெறும் இழையில் படகு கட்டுவதில்லை. இழையைத் துண்டுதுண்டாக வெட்டிப் பரப்பிய ‘மேட்’ விரிப்பை ரெசின் என்ற பிசினில் நனைத்துக் கெட்டியாக்கினால், கிடைக்கும் தகடு தாங்குவது ஏறத்தாழ 100 மெகாபாஸ்கல்தான். விறைப்பில் இரும்பின் இருபதில் ஒரு பங்குகூட வராது. பைபர் நல்ல பொருள்தான்: எடை குறைவு, துருப்பிடிக்காது, எந்த வடிவத்துக்கும் வளையும். ஆனால் அதன் உறுதி கடையிலிருந்து டின்னில் வருவதில்லை. ஒட்டும் முறையில் வருகிறது.

வரலாறு சுருக்கமாக. பைபரில் படகு கட்டிய முன்னோடியாக அமெரிக்காவின் ஒஹாயோவைச் சேர்ந்த ரே கிரீனைச் சொல்வார்கள், ஆண்டு 1942. நம் கரைக்கு பைபர் அதற்கு வெகுகாலம் கழித்துதான் வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக பைபர் படகுகள் வந்து குவிந்தன. கட்டுமரம் ஓட்டியவர்கள் பலர் அவற்றுக்கு மாறினார்கள். அவசரத்தில் கட்டியவற்றில் தரம் குறைந்தவையும் இருப்பதாக ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு அப்போதே எச்சரித்தது.

இனி, நான் சொல்ல விரும்பிய விஷயத்துக்கு வருகிறேன். பைபர் ரெசின் காய்ந்து கெட்டியாகிறது என்றுதான் பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் அது காய்வதே இல்லை. டின்னில் இருப்பது, ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைந்திருக்கும் நீளமான பாலியெஸ்டர் சங்கிலிகள். எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஸ்டைரீன்தான். பெயின்ட்டில் தின்னர் ஆவியாகிப் போவதுபோல இது போவதில்லை. கெட்டியாக்கும் திரவமான ஹார்டனரை ஊற்றியதும், ரெசினில் ஏற்கெனவே கலந்திருக்கும் கோபால்ட் அதை உடைக்கிறது. உடைந்த துண்டு ஒவ்வொன்றும் ஒற்றை எலக்ட்ரானோடு துணை தேடி அலைகிறது. அது ஒரு ஸ்டைரீன் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பைத் திறந்து ஒட்டிக்கொள்கிறது; அந்த ஸ்டைரீன் அடுத்ததைத் திறக்கிறது. இப்படியே ஸ்டைரீன் படிக்கட்டாக மாறி, ஒரு சங்கிலியை இன்னொன்றோடு கட்டிப்போடுகிறது. குறுக்கும் நெடுக்குமாகக் கட்டு விழுந்து முடியும்போது, வாளியில் இருந்த கோடானுகோடி மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே ராட்சத மூலக்கூறாகிவிடுகின்றன. மோல்டில் ஒரே மூச்சில் அடித்து எடுத்த படகின் உடலில், அணியம் முதல் பின்பலகை வரை ரெசின் முழுக்க ஒரே மூலக்கூறு என்றே சொல்லலாம்! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு தீராத விஷயம் இது.

அந்த ராட்சத மூலக்கூறின் மேற்பரப்பு மட்டும் முழுமை பெறாது. காற்றிலிருக்கும் ஆக்சிஜன் அலைகிற துண்டுகளைப் பிடித்து முடக்கிவிடுவதால், மேலே மெல்லிய ஒரு படலம் பிசுபிசுவென்றே நிற்கும். புதிதாக வேலை செய்பவர்கள் இதைக் குறை என்று நினைத்து ஹார்டனரைக் கூட்டுகிறார்கள். இது குறையே அல்ல. அந்தப் பிசுபிசுப்பில் இன்னும் திறக்காத இரட்டைப் பிணைப்புகள் காத்திருக்கின்றன. அதே நாளில் அடுத்த மேட் விரிப்பை வைத்து ரெசின் பூசினால், புது ரெசின் அவற்றோடு கைகோத்து அதே மூலக்கூறின் பகுதியாகிவிடும்.

இதைத் தயிரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரெசின் பால், ஹார்டனர் உறைமோர். சித்திரை வெயிலில் சீக்கிரம் உறையும், மார்கழிப் பனியில் இழுத்தடிக்கும். உறை குறைந்தால் மறுநாளும் தண்ணீராகவே நிற்கும். அரை உறைச்சலில் இருக்கும்போது பாலை ஊற்றினால் இரண்டும் சேர்ந்து ஒரே தயிராகும். கெட்டியாக உறைந்த தயிரின் மேல் ஊற்றினால், அடியில் ஒரு தயிர், மேலே ஒரு தயிர். கரண்டி போட்டால் இரண்டும் தனித்தனியாகக் கழன்று வரும். கடைசிப் பூச்சு ரெசினில் மெழுகு கலப்பார்கள். அது பால் ஆடையைப் போல மேலே மிதந்து ஆக்சிஜனைத் தடுத்து, பிசுபிசுப்பைப் போக்கிவிடும். ஆடையை எடுக்காமல் மேலே எதை ஊற்றினாலும் அது ஆடையோடுதான் ஒட்டும், தயிரோடு ஒட்டாது. ஒப்பீடு ஒரே இடத்தில் தவறுகிறது. தயிர் தானாகச் சூடாவதில்லை. ஆழமான வாளியில் மொத்தமாகக் கலந்து வைத்த ரெசின், சூடு வெளியேற வழியின்றி 150 டிகிரியைத் தாண்டிப் புகையும்.

வாசகரின் மைத்துனர் வாங்கிய படகு, உறைந்து பல வருடமான தயிர். அதில் காத்திருக்கும் பிணைப்பு அநேகமாக எதுவும் இல்லை. அவர் அடிக்கப்போகும் புதுத் தளம் வேறொரு மூலக்கூறு. பழைய உடம்பின் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டுதான் அது நிற்க வேண்டும். வீடியோவில் ஓட்டிவிடுகிற தேய்ப்பு வேலைதான் இங்கே முழு வேலையும்.

செய்முறை இதிலிருந்தே வருகிறது. ஒட்டும் இடத்தில் பெயின்ட், ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு, உப்பு, மீன் எண்ணெய் எதுவும் மிஞ்சக்கூடாது. நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்க உலரவிட்டு, கிரைண்டரால் இழை தெரியும்வரை தேயுங்கள். பளபளப்பு ஒரு விரல் அகலத்துக்கு மிஞ்சியிருந்தாலும் கழற்சி அங்கேதான் தொடங்கும். உடைந்த ஓரத்தைச் செங்குத்தாக விடாமல், தடிமனைப் போல் 12 மடங்கு தூரத்துக்குச் சரிவாக இழைக்க வேண்டும். தகடு 6 மில்லிமீட்டர் என்றால் சரிவு 72 மில்லிமீட்டர். தூசியைத் தட்டி, அசிட்டோனில் துடைத்து, அது பறந்தபின் ஒட்டுங்கள். முதல் அடுக்கு எப்போதும் மேட். அதன் சிறு இழைகள் மேடுபள்ளங்களில் படிந்து ரெசினைத் தேக்கிவைக்கும். ரோவிங் என்ற நெய்த இழைத் துணியை நேராக வைத்தால் அடியில் இடைவெளி விழும். 450 கிராம் மேட் ஓர் அடுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமன் தரும்.

ஹார்டனர் ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி. வெயில் அதிகம் என்று 10-க்குக் கீழே இறக்காதீர்கள். அப்படி உறைந்தது எத்தனை மாதமானாலும் முழு பலம் பெறாது. அளவைக் குறைப்பதற்குப் பதில், விடியற்காலையில், நிழலில், கொஞ்சம் கொஞ்சமாக, அகலமான தட்டில் கலந்து வேலை செய்யுங்கள்.

தளத்துக்கு அடியில் மிதப்புக்காகத் தெர்மோகோல் அடைத்து, அதன் மேலேயே பைபர் அடிப்பவர்கள் உண்டு. ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துவிடும். உள்ளே பொந்துதான் மிஞ்சும். பாலியூரித்தேன் நுரையைப் பயன்படுத்துங்கள். மிதித்தால் தளம் அமுங்குகிறது என்றால், பெரும்பாலும் உள்ளிருக்கும் பிளைவுட் ஊறிப்போயிருக்கும். யாரோ அடித்த திருகின் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கும். மேலே இரண்டு அடுக்கு ஒட்டி மூடாமல், ஊறிய மரத்தை முழுக்க எடுத்துவிடுங்கள். இனிமேல் போடும் ஒவ்வொரு ஓட்டையையும் ரெசினால் அடையுங்கள்.

ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியாமல் டின்னைத் திறக்காதீர்கள். கோபால்ட்டைத் தனியாக வாங்கியிருந்தால், அதையும் ஹார்டனரையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். கோபால்ட் முதலில் ரெசினில் கலந்து முடியட்டும், அதற்குப் பிறகே ஹார்டனர். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூளுக்கு முகத்தில் கட்டிய துண்டு போதாது. தூசியை வடிகட்டும் முகக்கவசம் வேண்டும். ரெசின் பூசும்போது ஆவியைத் தடுக்கும் கவசம் வேண்டும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

ஒருமுறை உறைந்த பைபரை இரும்பைப் போல உருக்கி மறுபடி வார்க்க முடியாது. கைவிட்ட படகு மணலில் குப்பையாகக் கிடக்கும். ஆகவே பழைய படகைச் சரிசெய்து ஓட்டுவது நல்ல முடிவு. உங்கள் மைத்துனரைத் தடுக்காதீர்கள். தேய்ப்புக்கு இரண்டு நாள் ஒதுக்கச் சொல்லுங்கள். ஒட்டுவதற்கு ஒரு நாள் போதும். இரண்டு மணி நேரத்தில் முடிகிற தளத்தை நம்பி யாரும் கடலுக்குப் போக வேண்டாம்.