வெயிலை அறிந்து வீடு கட்டுவோம்

ஜொகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்தில் அமைந்துள்ள செனாய், நிலநடுக்கோட்டிற்கு மிக அருகில், ஏறத்தாழ 1.6 பாகை வடக்கே உள்ளது. ஒரு காலத்தில் தோட்டங்கள் சூழ்ந்திருந்த இவ்வட்டாரத்தில் இன்று தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் பெருகியுள்ளன. ஆண்டின் பெரும்பாலான நாள்களில் பகல் வெப்பநிலை 31 முதல் 33 பாகை செல்சியஸ் வரை உயர்கிறது. காற்றில் ஈரப்பதமும் மிகுதி. இத்தகைய இடத்தில் கட்டப்படும் வீடு, குடியிருப்போருக்கு இதமான நிழலாக அமையலாம். இரவிலும் ஆறாத அடுப்பாகவும் மாறலாம். இவ்விரண்டில் எது நிகழும் என்பதைப் பெரும்பாலும் வீட்டின் வரைபடமே முடிவு செய்துவிடுகிறது.

குறைந்த ஆற்றலைச் செலவிட்டு நிறைந்த வசதியைத் தரும் வீட்டையே ஆற்றல் சிக்கன வீடு என்கிறோம். இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, குளிர்நாடான ஜெர்மனியில் உள்ளது. அங்குள்ள டார்ம்ஸ்டாட் நகரில் 1991ஆம் ஆண்டு நான்கு வரிசை வீடுகள் கட்டி முடிக்கப்பட்டன. தடித்த வெப்பக் காப்புச் சுவர்களும் மூன்றடுக்குக் கண்ணாடிச் சன்னல்களும் உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேறவிடாமல் காத்தன. வெளியேறும் பழைய காற்றின் வெப்பத்தைக் கொண்டே உள்ளே வரும் புதிய காற்று சூடாக்கப்பட்டது. இதனால் அவ்வீடுகளுக்கு மிகச் சிறிய வெப்பமூட்டும் கருவியே போதுமானதாக இருந்தது.

செனாயின் நிலையோ இதற்கு நேர்மாறானது. அங்கு வெப்பத்தை உள்ளே காக்க வேண்டும். இங்கு வெப்பத்தை வெளியே தடுக்க வேண்டும். ஆயினும், இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. முதலில் வீட்டின் தேவையைக் குறைக்க வேண்டும். அதன் பிறகே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செனாயில் வெப்பம் நுழையும் முதல் வழி கூரையாகும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதி என்பதால், நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கிறது. தெளிவான நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றல் விழுகிறது. அவ்வாறாயின், 100 சதுர மீட்டர் கூரையின்மீது 100 கிலோவாட் விழும். குளியலறையில் பயன்படும் 3.5 கிலோவாட் சுடுநீர்க் கருவிகள் ஏறத்தாழ 29 ஒரே நேரத்தில் இயங்குவதற்கு இது சமம். தகரக் கூரையின் கீழ்த் தோட்டப்புற லயங்களில் வாழ்ந்தவர்கள் இதன் கொடுமையை உடலால் உணர்ந்தவர்கள். வெளிர் நிற ஓடுகள் வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். ஓட்டிற்குக் கீழே பொருத்தப்படும் அலுமினியத் தாள், வெப்பக் கதிர்வீச்சைத் தடுக்கும். ஆனால், அத்தாளின் ஒரு பக்கத்திலாவது காற்று இடைவெளி இருந்தால்தான் அது பயன் தரும். உட்கூரையின்மேல் பரப்பப்படும் பாறைக் கம்பளி போன்ற வெப்பக் காப்பு, எஞ்சிய வெப்பத்தை மட்டுப்படுத்தும்.

அடுத்த வழி, கிழக்கு மேற்குச் சுவர்களாகும். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்து நிற்பதால், வெயில் கூரை இறவாரத்தின் கீழ்ப் புகுந்து சுவரைத் தாக்குகிறது. செங்கல் சுவர் அவ்வெப்பத்தைச் சேமித்துவைத்து, இரவில் அறைக்குள் வெளியிடுகிறது. மேற்குப் பக்கப் படுக்கையறை இரவு பத்து மணிக்கும் புழுங்குவதற்குக் காரணம் இதுவே. எனவே, பெரிய சன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் அமைத்தல் நன்று. மேற்கில் மாடிப்படி, குளியலறை, பொருள் வைப்பறை ஆகியவற்றை வைத்தால், அவை படுக்கையறைக்குக் கேடயமாக அமையும். நிழல்தரும் மரமும் அப்பணியைச் செய்யும்.

மூன்றாவதாகக் காற்றோட்டத்தைக் கருத வேண்டும். தூண்களின்மேல் உயர்த்திக் கட்டப்பட்ட மலாய்க் கிராமத்து வீட்டில், காற்று தரைக்கு அடியிலும் சன்னல்களின் வழியாகவும் தாராளமாக வீசும். உயர்ந்த கூரையின் இடைவெளிகள் வழியே சூடான காற்று வெளியேறும். மின்சாரம் வருவதற்கு முன்பே உருவான அறிவு இது. வரிசை வீட்டிலோ இருபக்கமும் அண்டை வீட்டாரின் சுவர்களே உள்ளன. ஆகவே, முன்பக்கச் சன்னலும் பின்பக்கச் சன்னலும் ஒன்றையொன்று நோக்கும் வகையில் அமைவது இன்றியமையாதது. நடுவில் ஒரு சிறிய திறந்தவெளி முற்றம் இருந்தால், நடு அறைகளும் மூச்சுவிடும். நம் நாட்டின் 1984ஆம் ஆண்டு ஒருசீர் கட்டடத் துணைச்சட்டங்கள், குடியிருப்பு அறையின் சன்னல் பரப்பு தரைப் பரப்பில் 10 விழுக்காட்டிற்கும், காற்று தடையின்றிச் செல்லும் திறப்பு 5 விழுக்காட்டிற்கும் குறையக் கூடாது என்கின்றன. இது குறைந்தபட்ச அளவே. இதமான அறைக்கு இதனினும் கூடுதலாகத் தேவைப்படலாம்.

இவ்வாறு தேவையைக் குறைத்த பிறகே கருவிகளை நாட வேண்டும். கூரை விசிறி ஏறத்தாழ 70 வாட் மின்சாரத்தில் இயங்கும். சிறிய குளிரூட்டிக்கு அதைப்போல் பத்து மடங்கிற்கு மேல் தேவைப்படும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தி, குளிரூட்டியின் வெப்பநிலையைச் சற்று உயர்த்தி வைத்தாலும் உடல் குளிர்ச்சியை உணரும். வாங்கும்போது எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையைக் கவனிக்க வேண்டும். ஐந்து நட்சத்திரம் மிக உயர்ந்த ஆற்றல் திறனைக் குறிக்கும்.

வெப்ப நாட்டிலும் ஒரு வெப்பமூட்டும் தேவை உண்டு. அதுவே குளியலுக்கான சுடுநீர். நால்வர் கொண்ட குடும்பத்தில் ஒவ்வொருவரும் நாளுக்குப் பத்து நிமிடம் 3.5 கிலோவாட் சுடுநீர்க் கருவியை முழு அளவில் பயன்படுத்துவதாகக் கொள்வோம். மாதத்திற்கு 70 யூனிட் மின்சாரம் செலவாகும். கூரையில் பொருத்தப்படும் சூரியச் சுடுநீர்க் கலன் இச்செலவைப் பெருமளவு குறைக்கும். கருநிறத் தகட்டில் சூடாகும் நீர் விரிவடைந்து அடர்த்தி குறைந்து, மேலுள்ள கலத்திற்கு ஏறுகிறது. குளிர்ந்த நீர் கீழிறங்குகிறது. இச்சுழற்சிக்கு மின் விசை தேவையில்லை. தொடர் மழை பெய்யும் நாள்களுக்கு மட்டும் துணை மின்கம்பி உதவும். வெப்பப் பம்பு என்பது மற்றொரு நவீன முறை. அது சுற்றுப்புறக் காற்றிலுள்ள வெப்பத்தை நீருக்கு மாற்றுவதால், ஒரு பங்கு மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்று பங்கு வெப்பத்தைத் தருகிறது.

இவ்வசதிகளுக்குத் தொடக்கத்தில் கூடுதல் செலவாகும் என்பது உண்மையே. எனினும், கட்டுபவர் மிச்சப்படுத்தும் பணத்தை, வாங்குபவர் மாதந்தோறும் மின்கட்டணமாகச் செலுத்த நேரிடுகிறது. குளிரூட்டி வாங்க வசதியில்லாத குடும்பம் அதைத் தூக்கமின்மையாகச் செலுத்துகிறது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் பகலில் வீட்டிலேயே இருக்கும் முதியவரும் அதிகம் பாதிக்கப்படுகின்றனர். கட்டி முடித்த வீட்டின் திசையை மாற்ற முடியாது. ஆனால், உட்கூரைக்கு மேல் வெப்பக் காப்பிடலாம். மேற்குச் சன்னலுக்கு வெளியே நிழல் மறைப்பு அமைக்கலாம். புதிய வீடு வாங்குவோர் சமையலறை அலமாரியின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன், மாலை வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று பார்ப்பது அறிவுடைமையாகும்.