பச்சை இலைக்குள் குடியிருக்கும் பூசணங்கள்

பூசணம் என்றாலே சுவாமிமலைச் சுற்றுப்புறத்துக் கொடிக்கால் விவசாயிகளுக்கு அச்சந்தான். வாடல் நோயும் இலைப்புள்ளியும் விளைத்த நட்டம் அத்தகையது. ஆயினும், ஒரு புள்ளியும் இல்லாத பசிய இலைக்குள்ளும் பூசணங்கள் வாழ்கின்றன என்பதை நம் உறுப்பினர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

காற்றிலும் மழைத்துளியிலும் வரும் நுண்வித்துகள் ஈர இலைமீது முளைத்து, இலைத் துளைகளின் வழியாகவோ மேல்தோலைத் துளைத்தோ உட்புகுகின்றன. நோய்க்குறி ஏதும் காட்டாது உள்ளேயே தங்கிவிடுகின்றன. இவற்றை உள்வாழ் பூசணங்கள் என்பர். ஆய்வாளர்கள் இலையின் புறத்தைச் சாராயத்தாலும் வெளுப்புக் கரைசலாலும் தூய்மை செய்து, சிறு துண்டுகளாக நறுக்கி, ஊட்டக் கூழின்மீது வைப்பர். சில நாட்களில் துண்டின் உள்ளிருந்து பூசண இழைகள் வெளிப்படும். சென்னையில் இராஜகோபால், சூரியநாராயணன் ஆகிய இருவரும் வேப்பிலையை ஆராய்ந்து, 2000-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். கசப்பு மிக்க வேம்பும் இவற்றுக்கு இடங்கொடுப்பது அதனால் தெரியவந்தது.

இவற்றால் விளைவது தீமையோ, நன்மையோ? இரண்டும் உண்டு. செடி தளர்ந்த காலத்தில் நோயாக மாறுவன சில. காவலாக நிற்பன சில. பனாமா நாட்டில் கோகோக் கன்றுகளைக் கொண்டு நடத்திய சோதனை 2003-இல் வெளியாயிற்று. உள்வாழ் பூசணங்களை ஏற்ற இலைகள், ‘பைட்டோப்தோரா’ என்னும் நோய்க்கிருமியால் குறைவாகவே கருகின. நம் வெற்றிலைக் கொடியை வாட்டுவதும் இவ்வினத்தைச் சேர்ந்த கிருமியே. கோகோவில் கண்டதை வெற்றிலைக்கு அப்படியே பொருத்திவிடலாகாது. எனினும் அது நமக்கு ஓர் எச்சரிக்கை. செடிக்குள் ஊடுருவும் மருந்துகள் பகையோடு துணையையும் அழிக்கக்கூடும்.

ஆகவே, நோய் காணாத கொடிக்கு, அடுத்த தோட்டத்தார் தெளித்தார் என்பதற்காக மருந்து தெளிக்க வேண்டா. முதலில் வடிகாலைச் சீர்செய்து, தேங்கிய நீரை அகற்றுக. நோயுற்ற கொடியை வேரோடு களைந்து எரித்திடுக. தெளிக்கத்தான் வேண்டுமெனில், பறிக்கவேண்டிய இலையைப் பறித்த பின்னரே தெளித்து, குறிப்பிட்ட நாட்கள் கழியும்வரை அடுத்த பறிப்பை நிறுத்திவைத்திடுக. வெற்றிலை பச்சையாகவே உண்ணப்படுவது. சித்த மருத்துவத்தில் மருந்துக்குத் துணையாவது. கும்பகோணம் வெற்றிலை 2025-இல் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

‘உள்வாழ் பூசணம்’ என்று பெயரிட்டு எவரேனும் பொடி விற்க வந்தால், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை உண்டா என்று கேட்டறிந்த பின்னரே சங்கத்தின் வாயிலாக வாங்குவோமாக. தனியொருவர் ஏமாறுவது எளிது. கூடி விசாரிப்போர் ஏமாறுவது அரிது.