பாதாளத்துக்கு வழி வடபழனியில்!

பெங்களூரு காக்ஸ் டவுன்காரர்களுக்குப் பாதாளம் ஒன்றும் புதிதல்ல. பக்கத்து டேனரி ரோடு வட்டாரத்தில் ‘துங்கா’, ‘பத்ரா’ என்று ஆற்றுப் பெயர் சூட்டிய இயந்திரங்கள் மெட்ரோவுக்காக மண்ணைக் குடைந்து, 2024 அக்டோபரில் வேலையை முடித்தன. அங்கே என்ன இருக்கிறது? சிமெண்ட் வளையம், கேபிள், தண்டவாளம். முதலை இல்லை, மந்திரவாதி இல்லை, கேட்ட வரம் தரும் தேவியும் இல்லை. என்ன பாதாளம் இது!

அசல் பாதாளம் பார்க்க வேண்டுமா? 1950-ம் ஆண்டு, சென்னை வடபழனி, வாஹினி ஸ்டூடியோ. கதவு லேசாகத்தான் திறந்திருக்கிறது. சத்தம் போடாமல் வாருங்கள், ‘பாதாள பைரவி’ ஷூட்டிங் நடக்கிறது!

நாகிரெட்டி, சக்ரபாணி இருவரின் விஜயா புரொடக்‌ஷன்ஸ் படம். இயக்கம் கே.வி. ரெட்டி. தெலுங்கில் 1951 மார்ச்சிலும் தமிழில் அதே ஆண்டு மே மாதமும் வந்தது. தமிழ் வசனமும் பாட்டும் தஞ்சை ராமையாதாஸ். இளவரசியைக் காதலிக்கும் தோட்டக்காரி மகன் ராமன், செல்வம் தேடிப் புறப்படுகிறான். நேபாள மந்திரவாதி ஒருவன் அவனைக் குகைக்குள் கூட்டிப் போகிறான். உள்ளே பைரவிக்குப் பலி கொடுத்தால், கேட்டதெல்லாம் தரும் சிலை கிடைக்கும். பலியாடு தான்தான் என்பது ராமனுக்குத் தெரியாது. குளத்து முதலையைக் கொல்கிறான். சாபம் நீங்கிய ஒரு பெண் எழுந்து வந்து விஷயத்தைப் போட்டு உடைக்கிறாள். அப்புறமென்ன, மந்திரவாதியே பலி!

ராக்கெட்டை வீசியவர் ராமன்!

ராமனாக என்.டி. ராமராவ். அவர் எப்படித் தேர்வானார் என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். நடிகர் நாகேஸ்வர ராவும் ராமராவும் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார்களாம். பந்து தவறிய கோபத்தில் ராமராவ் ராக்கெட்டைத் தூக்கி எறிந்தாராம். பார்த்துக்கொண்டிருந்த கே.வி. ரெட்டிக்கு அந்தக் கோபம் போதுமாயிருந்தது: இதோ, என் ராமன்!

தாடியும் அங்கியுமாக மிரட்டும் அந்த மந்திரவாதி? எஸ்.வி. ரங்காராவ். 1918-ல் பிறந்தவர், அப்போது வயது முப்பத்திரண்டுதான்! கதாநாயகனைவிட ஐந்தே வயது மூத்தவர். தாடியை எடுத்துவிட்டால் இருவரும் ஒரே கல்லூரி சீனியர், ஜூனியர் என்று சொன்னாலும் நம்பிவிடலாம். மேடையில் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடித்துப் பழகியவர் என்பதால், அவற்றில் வரும் ஷைலக்கின் சாயல் மந்திரவாதியின் உடல்மொழியில் இறங்கிவிட்டது என்பார்கள்.

இன்னொரு ரகசியம். ஒரு பாட்டுக்கு ஆடிவிட்டுப் போகும் பெண்ணை உற்றுப் பாருங்கள். சாவித்திரி! நான்கே வருடத்தில் இதே நிறுவனத்தின் ‘மிஸ்ஸியம்மா’வில் கதாநாயகி.

இருட்டு செய்த மனிதர்

இனிதான் விசேஷம். நம் பேட்டையில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களோடு சேர்ந்து வளர்ந்தவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். இந்தப் பாதாளத்துக்கு ஒளி கொடுத்தவர் ஏற்காட்டில் பிறந்த ஆங்கிலோ இந்தியர், மார்கஸ் பார்ட்லி. பின்னாளில் ‘மாயாபஜா’ரின் நிலவொளியும் ‘செம்மீ’னின் கடலும் இவர் கேமராவில் வந்தவைதான்.

குகை என்றால் இருட்டு. ஆனால் இருட்டில் கேமரா வைத்தால் படச்சுருளில் ஒன்றுமே விழாது. அந்தக் காலத்து ஃபிலிமுக்கு வெளிச்சப் பசி அதிகம். ஆகவே இருட்டைக் காட்டுவதற்கே பெரிய பெரிய விளக்குகளைக் கொளுத்த வேண்டும்! பக்கவாட்டில் ஒளியை விட்டு, மறுபக்கத்தை நிழலுக்குக் கொடுத்துவிட வேண்டும். முன்னால் ஒரு பாறையைக் கறுப்பாக நிறுத்திப் பின்னால் வெளிச்சம் அடித்தால், பத்தடி செட்டுக்கு நூறடி ஆழம் வந்துவிடும். கதையில் சில்லென்று இருக்கும் குகைதான் ஸ்டூடியோவிலேயே அதிகம் கொதிக்கும் இடம். ஒட்டுத்தாடிக்குள் ரங்காராவ் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்!

அந்தப் பாறைகளும் தூண்களும் கலை இயக்குநர்கள் மாதவபெத்தி கோகலே, கலாதர் இருவரின் கைவண்ணம். கம்ப்யூட்டர் இல்லாத காலம். வித்தை முழுக்கக் கேமராவுக்குள்ளேயே நடந்தாக வேண்டும். ஆள் மறைய வேண்டுமா? கேமராவை நிறுத்து, ஆளை வெளியே அனுப்பு, மறுபடி ஓட்டு. பிரான்ஸில் ஜார்ஜ் மெலியே 1896-லேயே கையாண்ட தந்திரம் இது. ஒரே சட்டத்தில் இரண்டு உலகம் வேண்டுமா? பாதியை மறைத்து எடுத்து, ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மீதியில் இன்னொன்றை எடு. கொஞ்சம் பிசகினால் இரண்டும் பாழ். முடிவு தெரிய லேபிலிருந்து பிரிண்ட் வரும்வரை நகம் கடிக்க வேண்டியதுதான்.

இதனால்தான் கே.வி. ரெட்டி மாதிரி ஒருவர் தேவைப்பட்டார். முழு ஸ்கிரிப்டும் கையில் இல்லாமல் படப்பிடிப்புக்குப் போகமாட்டார். ஒத்திகையிலேயே ஸ்டாப்வாட்ச் வைத்துக் காட்சியின் நீளத்தை அளந்துவிடுவார். மாயாஜாலப் படத்துக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்குப் பிள்ளை!

1952 ஜனவரியில் பம்பாயில் முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடந்தபோது, தென்னிந்தியாவிலிருந்து திரையிடப்பட்ட ஒரே படம் இதுதான். இன்னொரு பெருமையும் உண்டு: ஜூல்ஸ் வெர்னின் பூமிக்கடிப் பயணத்தை ஹாலிவுட் பிரம்மாண்டமாக எடுத்தது 1959-ல். அவர்களுக்கு நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் குகைகள் நிஜமாகவே கிடைத்தன. நம் ஆட்களுக்கு வடபழனியின் நான்கு சுவர்தான் கிடைத்தது. அதுவும் எட்டு வருடம் முன்னாலேயே!

இந்த ஞாயிற்றுக்கிழமை படத்தைப் போட்டுப் பாருங்கள். பைரவியைப் பார்க்காதீர்கள், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள், பார்ட்லி விளக்கை எங்கே வைத்தார் என்று பிடிபடும். பிறகு பிள்ளைகளை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய், செல்போனைச் சுவரில் அசையாமல் சாய்த்து, ரெக்கார்டிங்கை ‘பாஸ்’ செய்து, தம்பியை ஓரமாகப் போகச் சொல்லி, மறுபடி ஓட்டுங்கள். தம்பி மாயம்! ஒரே ஒரு நிபந்தனை: போன் இம்மியும் அசையக்கூடாது. அசைந்தால் ரீடேக்.