சில்லுக்கு ஒரு கம்பிக்கட்டு

தரையில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டிக்கொள்ளுங்கள். தொடையைத் தளர்த்திவிட்டு, முழங்கால்மேல் இருக்கும் வட்டமான எலும்பை இரண்டு விரல்களால் பிடித்து இடமும் வலமுமாக நகர்த்துங்கள். நகர்கிறதா? இப்போது தொடையை நன்றாக இறுக்குங்கள். அதே எலும்பு கொஞ்சம் மேலே ஏறி நின்றுகொள்ளும். இனி எவ்வளவு தள்ளினாலும் அசையாது.

அதுதான் முழங்கால் சில்லு. தொடையின் முன்பக்கத்துப் பெரிய தசைகள் நான்கும் கீழே வந்து ஒரே தசைநாராகச் சேர்கின்றன. அந்த நாருக்குள்ளேயே பதிந்திருக்கும் எலும்பு இது. நாரின் கீழ்முனை முழங்காலைத் தாண்டிப் போய்க் கீழ்க்கால் எலும்பின் முன்மேட்டில் ஒட்டிக்கொள்கிறது. தொடை இழுத்தால் சில்லு இழுபடும், சில்லு இழுபட்டால் கால் நீளும். நீங்கள் படியேறுவதும் பந்தை உதைப்பதும் இந்த இழுவையால்தான். இன்னொரு வேடிக்கை: பிறந்த குழந்தைக்கு இது வெறும் குருத்தெலும்பு. மூன்று வயதை ஒட்டித்தான் எலும்பாக மாறத் தொடங்கும். உங்கள் வீட்டுக் கைக்குழந்தையின் காலை எக்ஸ்ரே எடுத்தால் சில்லே தெரியாது!

சரி, இந்தச் சில்லு உடைந்தால்?

பெரம்பலூரை ஒட்டித் திருச்சி - சென்னை நெடுஞ்சாலை போகிறது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமெண்ட் லாரிகளும் ஓயாமல் ஓடுகின்றன. இப்படிப்பட்ட சாலையில் வண்டியிலிருந்து விழுகிறவர், மடங்கிய முழங்காலைத் தரையில் மோதிக்கொண்டால் சில்லு குறுக்கே இரண்டாகப் போகலாம். உடனே தொடைத்தசை மேல்பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கீழ்பாதி இருந்த இடத்திலேயே நிற்கும். நடுவில் இடைவெளி. மருத்துவர், "காலை மடக்காம அப்படியே தூக்குங்க பார்ப்போம்" என்பார். தூக்க வராது. இழுக்கிற நார் நடுவிலே அறுந்த மாதிரிதானே!

நம் ஊரில் எலும்பு முறிவு என்றதும் மூங்கில் பத்தையும் மாவுக்கட்டும்தான் நினைவுக்கு வரும். சில்லில் வெறும் கீறல் விழுந்து, துண்டுகள் விலகாமல் இருந்தால் மாவுக்கட்டே போதும். விலகிவிட்டால் போதாது. கட்டு தோலுக்கு வெளியே இருக்கிறது. இழுக்கிற தசை உள்ளே இருக்கிறது. வெளியிலிருந்து எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உள்ளே இருப்பவர் இழுப்பதை நிறுத்தப் போவதில்லை. ஆகவே உள்ளே போய்த்தான் கட்ட வேண்டும்.

உள்ளே போய்க் கட்டலாம் என்று துணிந்தவர்களில் பெயர் பெற்றவர் ஜோசப் லிஸ்டர். 1877 அக்டோபரில், லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில், உடைந்த சில்லு ஒன்றைத் திறந்து வெள்ளிக் கம்பியால் கட்டினார். அந்தக் காலத்தில் மூட்டைக் கத்தியால் திறப்பது என்றால் சீழ் பிடிக்கும், காலே போகும், உயிரும் போகலாம். மற்ற மருத்துவர்கள் பலருக்கு இது பொறுப்பில்லாத வேலையாகப் பட்டது. லிஸ்டர் கைகளையும் கருவிகளையும் கார்பாலிக் அமிலத்தால் சுத்தம் செய்து பழகியவர். புண் சீழ் பிடிக்கவில்லை, எலும்பும் கூடியது. என்னைக் கேட்டால், அன்றைக்கு வென்றதில் கம்பிக்குப் பாதிப் பங்கு, சுத்தத்துக்குப் பாதிப் பங்கு.

கம்பியை எந்த இடத்தில் போடுவது என்பது அடுத்த கேள்வி. இதற்கு உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸிலேயே விடை இருக்கிறது. இரண்டு அழிப்பான்களை முனையோடு முனை சேர்த்து வையுங்கள். சேரும் இடத்தின் மேல்பக்கத்தில் மட்டும் ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டுங்கள். ஒட்டிய பக்கம் வெளிவளைவில் வருமாறு மெதுவாக வளைத்துப் பாருங்கள். டேப் விறைக்கிறது, விரிய விடவில்லை. அடிப்பக்கத்தில் இரண்டு அழிப்பான்களும் ஒன்றையொன்று அழுத்துகின்றன. இப்போது எதிர்ப்பக்கம் வளையுங்கள். வாய் பிளந்துவிட்டது. டேப் அதேதான், அழிப்பானும் அதேதான். மாறியது பக்கம் மட்டுமே.

முழங்காலை மடக்கும்போது சில்லு தொடை எலும்பின்மேல் வளைகிற நிலைக்கு வருகிறது. அப்போது முன்பக்கம்தான் விரியப் பார்க்கும். எனவே கம்பியையும் முன்பக்கத்தில் போட வேண்டும். நோயாளி காலை மடக்க மடக்க, பிரிக்க வந்த இழுவையே பின்பக்கத்தில் துண்டுகளை அழுத்துகிற விசையாக மாறுகிறது. எலும்பு அறுவையில் இந்தக் கருத்தை வளர்த்தவர் ஜெர்மன் மருத்துவர் ஃப்ரீட்ரிக் பாவெல்ஸ். 1958-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஏ.ஓ. என்ற மருத்துவர் குழு அதை உலகமெங்கும் கொண்டுபோனது. காகிதத்தில் வரைந்து காட்டும்போது இருக்கிற அழகு உடம்புக்குள் எல்லா நேரமும் அப்படியே கிடைப்பதில்லை என்று பிற்காலச் சோதனைகள் சொல்லியிருக்கின்றன. ஆனாலும் முறை நிலைத்துவிட்டது.

செய்முறை இதுதான். துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, மேலிருந்து கீழாக இரண்டு நேர்க்கம்பிகளை எலும்புக்குள் செலுத்துகிறார்கள். மார்ட்டின் கிர்ஷ்னர் என்பவரின் பெயரால் அவற்றுக்குக் கே-வயர் என்று பெயர். பிறகு சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கம்பியை அந்த நேர்க்கம்பிகளின் முனைகளுக்கு அடியில் கோத்து, சில்லின் முன்னால் எட்டு வடிவில் சுற்றி இறுக்குகிறார்கள். அறுவை அரங்கில் இதன் செல்லப்பெயர் டி.பி.டபிள்யூ, அதாவது டென்ஷன் பேண்ட் வயரிங். வீட்டுக்கு வந்ததும் "முட்டியில கம்பி வெச்சுக் கட்டியிருக்கு" என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. கம்பியை இழுத்து இறுக்குவது பெரிய காரியமில்லை. கையை எடுத்த பிறகும் அந்த இறுக்கம் அப்படியே இருக்க வேண்டுமே, அதுதான் பெரிய காரியம்.

அரியலூர் சிமெண்ட் ஆலைகளிலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பும் லாரியைக் கவனித்திருக்கிறீர்களா? தார்ப்பாயை மூடி, கயிற்றைப் போட்டு, லோடுமேன் காலை ஊன்றி, உடம்பையே பின்னால் சாய்த்து இழுப்பார். முடிச்சுப் போடும் அந்த நொடியில் கயிறு ஒரு விரற்கடை பின்வாங்கும். அடுத்த கயிற்றை இழுத்துக் கட்டினால் முதல் கயிறு தொய்யும். லாரி கொஞ்ச தூரம் ஓடிக் குலுங்கியதும் மூட்டைகள் படிந்துவிடும்; எல்லாக் கயிறும் தளரும். அனுபவமுள்ள ஓட்டுநர் வழியில் வண்டியை நிறுத்தி, கயிறுகளைத் தட்டிப் பார்ப்பார். "அண்ணே, இது தொங்குது" என்று கிளீனர் குரல் கொடுத்தால் மறுபடி இழுத்துக் கட்டுவார்கள்.

இந்த மூன்று தொல்லைகளும் எலும்பைக் கட்டும்போதும் உண்டு. ஓட்டுநரைப் போல வழியில் நிறுத்தி மறுபடி கட்டத்தான் முடியாது, ஏனென்றால் தையல் போட்டாயிற்று!

முதல் தொல்லை, முடிச்சில் பின்வாங்குவது. எஃகுக் கம்பியை முடிச்சுப் போடுவதில்லை, முறுக்குகிறார்கள். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று சரிசமமாகச் சுற்ற வேண்டும். ஒரு முனை நேராக நிற்க, மற்றது மட்டும் அதைச் சுற்றினால் நேராக நிற்பது உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால் குறடால் தன் பக்கம் இழுத்துக்கொண்டே முறுக்குவார்கள். ஒரு முறுக்கு குறைந்தால் தொளதொள. ஒரு முறுக்கு கூடினால் அடிக்கட்டில் பட்டென்று அறும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

கை கற்றுக்கொள்ளும் வரை காத்திருக்காமல் வேறு வழி தேடியவர்கள் டால், மைல்ஸ் என்ற இருவர். இடுப்பு மூட்டு மாற்றும் அறுவையில், தொடை எலும்பின் மேல்முனையில் புடைத்திருக்கும் பகுதியை வெட்டி விலக்கிவிட்டு, முடிந்ததும் திரும்பப் பொருத்துகிற வழக்கம் இருந்தது. அதைக் கட்டிய கம்பிகள் சில சமயம் அறுந்துபோயின. ஒற்றைக் கம்பிக்குப் பதிலாகப் பல மெல்லிய இழைகளை முறுக்கிய கேபிளைப் பயன்படுத்தலாம் என்று இவர்கள் 1983-இல் எழுதினார்கள். சில கேபிள்களில் ஏழு இழை கொண்ட புரிகள் ஏழு, ஆக 49 இழைகள். மொத்தத் தடிமனோ இரண்டு மில்லிமீட்டருக்குள். வளைத்தால் வளையும், மடிப்பு விழாது, திரும்பத் திரும்ப வரும் இழுவையை ஒற்றைக் கம்பியைவிட நன்றாகத் தாங்கும்.

ஆனால் கேபிளை முறுக்கிப் பூட்ட முடியாது. அதற்கென்று ஒரு குட்டி உலோகக் குழல் உண்டு. கேபிளை எலும்பைச் சுற்றிக் கொண்டுவந்து முனையைக் குழலுக்குள் விடுவார்கள். இழுக்கும் கருவியை மாட்டித் திருகினால், எத்தனை கிலோ விசை என்பதை அதன் குறியே காட்டும். வேண்டிய அளவு வந்ததும் இன்னொரு கருவியால் குழலை நசுக்குவார்கள். நசுங்கிய உலோகம் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. கேபிள் அங்கேயே சிக்கிக்கொள்ளும். மிச்சத்தை வெட்டிவிடலாம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. கேபிளை 40 கிலோ விசையில் இழுத்துப் பூட்டினால், எலும்பின் இரண்டு துண்டுகளையும் எவ்வளவு விசை சேர்த்து அழுத்தும்? 40 என்று சொன்னால் தவறு. துண்டுகளுக்கு நடுவே ஒரு கோடு வரைந்து பாருங்கள். கேபிள் அந்தக் கோட்டை இந்தப் பக்கம் ஒரு முறையும் அந்தப் பக்கம் ஒரு முறையும் கடக்கிறது. ஆக 80! இரண்டு சுற்றுப் போட்டால் 160. உண்மையில் எலும்போடு உரசுவதால் கொஞ்சம் குறையும். அப்படியென்றால் இழுத்துக்கொண்டே போகலாமா? கூடாது. வயதானவர்களின் எலும்பு நொய்ந்திருக்கும். மெல்லிய கேபிள் அதைக் கத்தியாக அறுத்துவிடும். பாட்டிமார் எலும்புக்குக் குறைவான விசைதான்.

இரண்டாம் தொல்லைக்கு வருவோம். தொடை எலும்பு நீளவாக்கில் பிளந்திருந்தால் இரண்டு மூன்று கேபிள்கள் தேவைப்படும். இரண்டாவதை இறுக்கும்போது முதலாவது தளரும், அதே லாரிக் கதை. அதனால் எதையும் உடனே நசுக்குவதில்லை. எல்லாவற்றையும் தற்காலிகமாகப் பூட்டி வைத்து, ஒரு சுற்று திரும்ப வந்து, தளர்ந்ததை மறுபடி இழுத்து, கடைசியில்தான் ஒவ்வொன்றாக நசுக்குவார்கள்.

மூன்றாவது, மூட்டை படிவது. கேபிளுக்கும் எலும்புக்கும் நடுவே தசைத் துணுக்கு மாட்டிக்கொண்டால் இன்றைக்கு இறுக்கமாகத்தான் தெரியும். நாளடைவில் அந்தத் தசை நசிந்து கரைந்துபோகும், கேபிள் தொய்யும். எனவே வளைந்த கொக்கிக் கருவி ஒன்றை எலும்பை உரசியபடியே சுற்றிக் கொண்டுவந்து, அதன் வழியாகக் கேபிளை இழுக்கிறார்கள். அருகில் ஓடும் இரத்தக்குழாயும் நரம்பும் சிக்காமல் இருக்கவும் அதுவே வழி.

உலோகத்திலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. நம் உடம்புத் திரவம் உப்பு நீர். சாதாரண இரும்பு அதில் துருப்பிடிக்கும். குரோமியம், நிக்கல், மாலிப்டினம் கலந்த எஃகு, டைட்டேனியம், கோபால்ட் - குரோமியம் போன்றவை தாங்கும். பொருந்தாத இரண்டு உலோகங்களை ஒன்றையொன்று தொடவைத்தால் உப்பு நீரில் அரிப்பு தொடங்கும். அதனால் கம்பியும் அதைத் தொடுகிற மற்ற உலோகமும் கூடியவரை ஒரே இனமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள்.

இவ்வளவு செய்தும் கம்பி நிரந்தரமில்லை! ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அது கொஞ்சம் இழுபட்டுத் தளர்கிறது. திரும்பத் திரும்ப அப்படி நடந்தால் உலோகம் களைத்து விரிசல் விடலாம். அதற்குள் எலும்பு கூடிவிட வேண்டும். அரியலூர் கல்லமேட்டில் இரண்டு மீட்டர் நீளமுள்ள டைனோசர் கீழ்க்கால் எலும்பு கிடைத்ததாக 1980களில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கல்லாகிப்போன அந்த மாதிரி எலும்பு உடைந்தால் பசை போட்டு ஒட்டுவதோடு சரி, தானாகக் கூடாது. உங்கள் எலும்பில் இரத்தம் ஓடுகிறது, செல்கள் இருக்கின்றன. அது சில்லாக இருந்தால் இரண்டு மூன்று மாதங்களிலும், தொடை எலும்பாக இருந்தால் இன்னும் கூடுதலான மாதங்களிலும் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும். கம்பி வாங்கித் தருவது அந்த அவகாசத்தை மட்டும்தான்.

அவகாசத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு: விபத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே போகும் நேரம். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்ற 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கியது. அடுத்த மாதமே, 2022 ஜனவரி 12 அன்று, அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. யாராவது விழுந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் கிடந்தால், காலை இழுத்து நீவிவிடப் பார்க்காதீர்கள். அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள்.

எலும்பு கூடிய பிறகு கம்பியை எடுக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். தொடைக்குள் ஆழத்தில் இருக்கும் கேபிளைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். முழங்காலின் முன்னால் சதை குறைவு. முறுக்கிய முனை தோலுக்கு அடியில் குத்தும், முட்டி போட்டு உட்கார்ந்தால் வலிக்கும். அப்படித் தொந்தரவு கொடுத்தால், எலும்பு நன்றாகக் கூடிவிட்டதை எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டு, ஒரு சின்ன அறுவையில் கம்பியைக் கழற்றிவிடுவார்கள்.